டிஸ்க் பிரேக்கும் சின்ஹகட் இறக்கமும்

"டிஸ்க் பிரேக் ஹை, சார்!" புனேயில் எந்த சைக்கிள் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பெங்களூர், ஹைதராபாத், தில்லியில் இருக்கும் நம்ம மக்களுக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். டிஸ்க் என்று ஒன்று இருந்துவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது போல ஒரு பேச்சு. பிள்ளைக்கு மவுண்டன் பைக் வாங்கப் போன எத்தனையோ அப்பாக்கள் அந்த ஒரு வார்த்தையிலேயே பர்ஸைத் திறந்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மகள் பத்தாவது எழுதி முடித்ததும் கேட்டது மவுண்டன் பைக். அதோடு விட்டாளா? "ஞாயித்துக்கிழமை உங்க குரூப்போட நானும் சின்ஹகட் வருவேம்ப்பா." தங்கமணி உடனே ஒரு நிபந்தனை போட்டாங்க. "ஏறட்டும், எனக்கு ஒண்ணும் பயமில்ல. இறங்கறதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. பிரேக் எதுன்னு பார்த்து, இது நம்பலாம்னு சொல்லுங்க, அனுப்பறேன்." ஆக இரண்டு மாதம் பிரேக் புராணம் படித்தேன். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும், அப்போது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புனேக்காரர்களுக்கு சின்ஹகட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஊரிலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள மலைக்கோட்டை. 1670-ல் சிவாஜியின் தளபதி தானாஜி உயிரைக் கொடுத்து மீட்ட கோட்டை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1300 மீட்டர் உயரம். கடக்வாஸ்லா அணையைத் தாண்டிப் போனால் அடிவாரம். அங்கிருந்து மேலே போக 9 கிலோமீட்டர் மலைப்பாதை, ஏற்றம் ஏறத்தாழ 600 மீட்டர். மேலே பிட்லா பாக்ரியும் வெங்காய பஜ்ஜியும் மண் சட்டித் தயிரும் கிடைக்கும். அதற்காகவே பாதிப் பேர் ஏறுகிறார்கள் :-) தயிர் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போதுதான் பிரேக்குக்குப் பரீட்சை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். நான், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 95 கிலோ. 600 மீட்டர் இறங்கினால் எங்காவது போய்ச் சேர வேண்டிய ஆற்றல் சுமார் 5.6 லட்சம் ஜூல். 25 டிகிரியில் இருக்கும் ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். கொஞ்சத்தைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மெதுவாக, பிடித்துப் பிடித்து இறங்குகிறவருக்கு மீதியில் பெரும்பகுதி, ஒவ்வொன்றும் நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள இரண்டு இரும்புத் தகடுகளில்தான் சூடாக இறங்கும்.

இதையே வேறு மாதிரிச் சொல்கிறேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளை ஒரு முறை நிறுத்த வேண்டிய ஆற்றல் சுமார் 3300 ஜூல். ஆக சின்ஹகட் இறக்கம் என்பது அப்படி 170 முறை அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமம். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைப் பிடித்து, "அட, சூப்பரா நிக்குதே" என்று பார்ப்பது 170-ல் ஒன்றாவது பரீட்சை மட்டுமே. 169 மலையில் இருக்கிறது.

நம்ம ஊர் மலைப்பாதை டிரைவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. மசினகுடியிலிருந்து ஊட்டி போகும் கல்ஹட்டி பாதையில், அந்த 36 வளைவுகளில், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டிகள் எத்தனையோ விபத்தில் மாட்டியிருக்கின்றன. லாரிக்கும் காருக்கும் இஞ்சின் பிடித்து நிறுத்தும். சைக்கிளுக்கு அந்த உதவி கிடையாது. எந்த கியரில் இறங்கினாலும் ஒன்றுதான். மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். அதனால்தான் மலை இறங்கும் சைக்கிளுக்கு "எவ்வளவு வேகமாக நிறுத்தும்" என்பதைவிட "கடைசி வளைவிலும் முதல் வளைவு மாதிரியே பிடிக்குமா" என்பது பெரிய கேள்வி.

இப்போது டிஸ்க் விஷயத்துக்கு வருவோம். டிஸ்க்கில் இரண்டு வகை. ஒன்று கேபிள் இழுத்து வேலை செய்வது. இன்னொன்று எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக். கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தருகே உள்ள கேலிப்பரைப் பாருங்கள். வெளியே தெரியும் மெல்லிய கம்பி ஒரு சின்னக் கையை இழுத்தால் அது கேபிள். கம்பியே தெரியாமல் கறுப்புக் குழாய் நேராக உள்ளே போனால் ஹைட்ராலிக். விலை குறைந்த வண்டிகளில் "டிஸ்க்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் முதல் வகை.

ஹைட்ராலிக் வேலை செய்யும் விதம் பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். ஊசி இல்லாத ஒரு சின்ன சிரிஞ்சையும் ஒரு பெரிய சிரிஞ்சையும் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பினால், சின்னதை லேசாக அழுத்தினாலும் பெரியது பலமாகத் தள்ளும். லிவரில் சின்ன பிஸ்டன், கேலிப்பரில் பெரியது. பேட் தேயத் தேய, பிஸ்டன் தானாகவே கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், அடிக்கடி முடுக்க வேண்டாம். சேறும் மழையும் கேபிளுக்குள் புகுந்து இறுக்கும் தொல்லையும் இல்லை. ஒரே விரலால் பிடிக்கலாம் என்பதால், நீண்ட இறக்கத்தில் கை மரத்துப் போகாது. சின்னக் கை உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.

அதற்காக எல்லாருக்கும் ஹைட்ராலிக் வேண்டும் என்று சொல்லமாட்டேன். வீட்டிலிருந்து ஆபீஸ் வரை சமதரையில் ஓட்டுகிறவருக்கு, ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கே தாராளம். மணாலியிலிருந்து லே வரை மூட்டை கட்டிப் போகும் சிலர் வேண்டுமென்றே கேபிள் டிஸ்க் போட்டுக்கொண்டு போகிறார்கள். கேபிள் அறுந்தால் கையிலிருக்கும் மாற்றுக் கேபிளைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாமே! ஆனால் மலையும் மழையும் சேர்ந்த எங்கள் புனேக்கு ஹைட்ராலிக்தான் என்று முடிவு செய்தேன்.

அடுத்து எந்த ஹைட்ராலிக் என்ற கேள்வி. இதற்குப் பதில் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. சின்ஹகட்டிலேயே கிடைத்தது.

எங்கள் குழுவில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் உண்டு. ஆபீஸில் எல்லாருக்கும் அண்ணாச்சி. அவருடையது நல்ல விலை கொடுத்து வாங்கிய வண்டி, நல்ல பெயருள்ள பிரேக். ஒரு ஞாயிறு இறங்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. "தம்பி, லிவர் கைப்பிடி வரைக்கும் வருது, பிரேக்கு பிடிக்க மாட்டேங்கு!" திரும்பிப் பார்ப்பதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த வளைவில் நிதானம் இழக்காமல், பள்ளத்துப் பக்கம் விடாமல், மலையோரச் சாக்கடையில் வண்டியை இறக்கினார். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அந்த வளைவில் எதிரே ஒரு வண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

பிறகு ஒரு விவரம் தெரிந்த மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சொன்னார். அந்த பிரேக்கை டாட் எண்ணெய்க்காகச் செய்திருக்கிறார்கள். சில வாரம் முன்பு சர்வீஸுக்கு விட்ட ஒரு கடையில், கைக்குக் கிடைத்த மினரல் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அதில் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊறி உப்பிவிட்டது. பிஸ்டன் முழுசாகப் பின்னால் வரவில்லை. பேட் எப்போதும் தகட்டை உரசிக்கொண்டே இருந்ததால், இறக்கத்தில் சூடு ஏறி ஏறிக் கடைசியில் கைவிட்டுவிட்டது. பிரேக் நல்ல பிரேக்தான். ஆனால் அதற்கு வேண்டியதைச் செய்யத் தெரிந்தவர், அண்ணாச்சி போன அந்தக் கடையில் இல்லை.

அன்றைக்கு எனக்குப் பட்டது இதுதான். நம்பகமான பிரேக் என்றால் அட்டவணையில் முதலிடத்தில் இருப்பது இல்லை. நீங்கள் இருக்கும் ஊரில் அதற்கான பேட், எண்ணெய், பிளீட் செய்யத் தெரிந்த கை, இந்த மூன்றும் கிடைக்க வேண்டும். பிளீட் என்றால் குழாயில் உள்ள காற்றையும் பழைய எண்ணெயையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புவது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு வருடத்தில் அது வெறும் அலங்காரம்.

எண்ணெய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா ஆகியவை மினரல் ஆயில். ஹோப், ஹேய்ஸ் ஆகியவை டாட். ஸ்ராம் நெடுங்காலம் டாட் மட்டுமே பயன்படுத்தியது. 2022-ல் வந்த டிபி8, 2024-ல் வந்த மேவன் இரண்டுக்கும் மினரல் ஆயில். ஆகையால் கம்பெனி பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம், லிவரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

டாட் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். டாட் 5.1-க்கு இது 260-லிருந்து 180. அதனால் குறித்த காலத்தில் மாற்றியே ஆகவேண்டும். நம்ம பக்கத்து மழைக்காலத்துக்கு இது முக்கியம். பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும், கையிலும் படக்கூடாது. அனுகூலம் என்னவென்றால் டாட் 4 எந்த பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கான் வகை, பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

மினரல் ஆயில் ஈரத்தை இழுக்காது, கையில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் எப்படியாவது தண்ணீர் உள்ளே புகுந்தால் அது எண்ணெயில் கலக்காமல் கீழே கேலிப்பரில் தங்கி, 100 டிகிரியிலேயே கொதிக்கும். கொதித்தால் ஆவி. ஆவியை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. அதனால்தான் லிவர் கைப்பிடி வரை வருகிறது. இரண்டில் எது என்பதைவிட, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றாமல் இருப்பதுதான் முக்கியம். பேபி ஆயில், தையல் மெஷின் எண்ணெய் என்று யாராவது யோசனை சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேட்டில் ரெசின், மெட்டல் என்று இரண்டு. ரெசின் சத்தம் போடாது, பிடித்தவுடன் கவ்வும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் செம்மண்ணும் சேர்ந்தால் சீக்கிரம் தேயும். மெட்டல் நிறைய நாள் வரும், சூட்டையும் தாங்கும். ஈரத்தில் கீச்சிடும். இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. ஷிமானோவின் விலை குறைந்த தகடுகளில் ரெசின் பேட் மட்டும் போடவும் என்று பொறித்தே இருக்கும். அதில் மெட்டல் போட்டால் தகடு தேய்ந்துவிடும்.

தகட்டின் அளவு 160, 180, 203 மில்லிமீட்டர் என்று வரும். 160-லிருந்து 180-க்குப் போனால் அதே பிடியில் எட்டில் ஒரு பங்கு கூடுதல் பலம். சூடு பரவ இடமும் கூடும். என்னைப் போல கனத்த ஆசாமிகளுக்கு முன் சக்கரத்தில் 180 நல்லது. ஆனால் முன் ஃபோர்க் எவ்வளவு பெரிய தகட்டைத் தாங்கும் என்று அதைச் செய்தவர்கள் வரம்பு சொல்லியிருப்பார்கள், அதை மீற வேண்டாம்.

இன்னொரு விஷயம், நம்ம நாட்டுக்கே உரியது. இங்கே ஸ்கூட்டரில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். பல வெளிநாட்டு வண்டிகளில் சைக்கிள் பிரேக் இதற்குத் தலைகீழாக, இடது கை முன் பிரேக்காக வரும். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கை பதற்றத்தில் தவறான பக்கத்தை அழுத்தினால் தலைகுப்புறத்தான். கேபிளாக இருந்தால் இடம் மாற்றுவது எளிது. ஹைட்ராலிக்கில் குழாயைக் கழற்றி மாட்ட வேண்டும், பிளீட் செய்ய வேண்டும். வாங்கும் அன்றைக்கே கடையிலேயே சொல்லி மாற்றிவிடுங்கள். லிவரைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவரும் திருகு பெரும்பாலான மாடல்களில் இருக்கும். பிள்ளையின் விரலுக்கு ஏற்ப அதையும் அன்றே வைத்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டேன். "தாதா, இஸ்கா பேட் ஹை க்யா? திகாவோ." பேசியவர்கள் எல்லாரும் "மில் ஜாயேகா" என்றார்கள். உள்ளே போய் எடுத்துக் காட்டியது ஒருவர் மட்டுமே. பிளீட் கிட்டையும் மேஜை மேலேயே வைத்திருந்தார். அவரிடமே வாங்கினேன். வண்டியில் இருந்தது ஷிமானோ எம்டி200. அந்தக் கம்பெனியின் ஹைட்ராலிக் வரிசையில் கீழ்ப்படி, இரண்டு பிஸ்டன், ரெசின் பேட்.

வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது.

"அப்பா, என் ஃப்ரெண்டு வண்டில நாலு பிஸ்டன். எனக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

"பிரேக்குல போய் கஞ்சத்தனம் பார்த்தீங்களாக்கும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

நியாயமான சந்தேகம்தான். நாலு பிஸ்டன் கேலிப்பரில் பேட் பெரிது, பலமும் கூடுதல், சூட்டையும் நன்றாகத் தாங்கும். கரடுமுரடான செங்குத்துச் சரிவில் பாய்கிறவர்களுக்கும் கனத்த ஆட்களுக்கும் அது தேவை. இவள் வண்டியோடும் பையோடும் சேர்த்து 66 கிலோ. என் 5.6 லட்சம் ஜூல் இவளுக்கு 4 லட்சத்துக்கும் கீழே. சின்ஹகட் தார்ச்சாலைக்கும், ஊருக்குள் இருக்கும் வேதாள் டேக்டி மண் பாதைக்கும் இந்த பிரேக் போதும். மிச்சமான பணத்தில் இரண்டு ஜோடி பேட் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன் என்றதும் தங்கமணி முகத்தில் கொஞ்சம் தெளிவு.

புது பேட்டை முதலில் பழக்க வேண்டும். காலி ரோட்டில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறைப்பது. ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை போல. பேட்டின் பொருள் தகட்டில் மெல்லியதாகப் படிந்த பிறகுதான் முழுப் பிடி வரும். அதைக் காலனி ரோட்டில் காலை ஆறு மணிக்குச் செய்தாள். மழை முடிந்து நவம்பரில் சின்ஹகட் கூட்டிப் போனேன். இறங்கும் முன் மூன்றே விதிகள் சொன்னேன். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடி, வளைவில் விடு. வழி முழுக்க லேசாக உரசிக்கொண்டே வராதே, அதுதான் சூடு. பாதியில் ஐந்து நிமிஷம் நின்று ஆறவிடு, தகட்டில் கை வைக்காதே.

அண்ணாச்சி முன்னால், அவள் நடுவில், நான் பின்னால். அடிவாரத்தில் நின்றதும் அவள் லிவரைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மேல இருந்த மாதிரியேதான்ப்பா இருக்கு." எனக்கு வேண்டியிருந்த பதில் அது ஒன்றுதான். வீட்டுக்குப் போன் போட்டு அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லச் சொன்னேன்.

வாங்கியதோடு முடிந்ததா? இல்லை. பேட்டில் உரசும் பகுதி அரை மில்லிமீட்டர் ஆனால் மாற்ற வேண்டும். ஷிமானோ தகடு புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5 வந்தால் மாற்றச் சொல்கிறார்கள். லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது, மலைக்குப் போகும் முன் பிளீட் செய்ய வேண்டும். பக்கத்து ஃபிளாட் பையனின் பிரேக் கீச்சிடுகிறது என்று ஒரு கடையில் தகட்டின் மேலேயே செயின் ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தார்கள். சத்தம் நின்றது, பிரேக்கும் நின்றது! ரெசின் பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் தேய்த்துப் பயனில்லை, புதுசுதான். தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். செயினுக்கு எண்ணெய் விடும்போது தகட்டை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ரயில் பார்சலில் சைக்கிள் அனுப்புகிறவர்கள் கவனிக்க: சக்கரத்தைக் கழற்றிய பிறகு யாராவது லிவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரமே உள்ளே போகாது. கழற்றியவுடன் பேட்டுகளுக்கு நடுவே அதற்கான பிளாஸ்டிக் துண்டையோ, சுத்தமான கெட்டி அட்டையையோ செருகிவிடுங்கள். தலைகீழாக வெகுநேரம் வைத்திருந்தால் எண்ணெய்த் தொட்டியில் உள்ள காற்று குழாய்க்குள் இறங்கலாம். நிமிர்த்தி வைத்துச் சில முறை லிவரைப் பிடித்துப் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

இதை நான் சும்மா எழுதவில்லை. மே மாத லீவுக்கு ஊருக்குப் போகிறோம், சைக்கிளும் வருகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மகள் மேப்பில் எண்ணி வைத்திருக்கிறாள். அட்டைத் துண்டும் ஒரு ஜோடி பேட்டும் இப்போதே பையில் போட்டாயிற்று. நாமக்கல் பக்கம் ஹைட்ராலிக் பிளீட் செய்யத் தெரிந்த கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பேட்டை எடுத்துக் காட்டுகிற கடையாக இருந்தால் இன்னும் நல்லது.